ஹாலை உடைப்பதற்கு முன்னால்: வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விடுவது பற்றி

கேள்வி: ஆதம்பாக்கத்தில் 1993-இல் கட்டிய தனி வீடு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கீழ்வீட்டு டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றினால் கோப்பை நிறைந்து நின்று, கால் மணி நேரம் கழித்து மெதுவாக இறங்குகிறது. குளியலறை, சமையலறைத் தண்ணீர் வீட்டின் இன்னொரு பக்கமாகத் தனி லைனில் போய் கேட் ஓரச் சேம்பரில், அதாவது மூடி போட்ட கழிவுநீர்த் தொட்டியில், சேர்கிறது. அதில் தொல்லை இல்லை. பின்பக்கம் பழைய செப்டிக் டேங்க் இருக்கிறது. பிளானில் ஆறுக்கு மூன்று, ஆழம் ஐந்தடி என்று போட்டிருக்கிறது. அதிலிருந்து பக்கச் சந்து வழியாக பைப் போய் அதே கேட் சேம்பரில் விழுகிறது. லாரி வைத்து டேங்கில் இருந்ததை எடுத்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். ஹாலுக்கு அடியில் போகும் பைப் கெட்டுவிட்டது, மொசைக்கை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் பிளம்பர். கேமரா விட்டால் உண்மை தெரியுமா? டேங்குக்குள்ளும் கேமரா போகுமா?

பதில்:

ஹாலை உடைக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். கேமரா விடலாம், ஆனால் நாளைக்கே கூப்பிட வேண்டாம். நான் தென்சென்னைப் பக்கம் இந்தக் குழாய்களுக்குள் கேமரா விடுவதையே தொழிலாக வைத்திருக்கிறவன். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கேமராவே தேவைப்படாது. சேம்பர் மூடியைத் திறந்தாலே விஷயம் தெரிந்துவிடும். மூடியைத் திறக்க யாருக்கும் மனம் வராததால்தான் எனக்கு வேலை ஓடுகிறது.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. லாரி வந்துபோனபின் பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தது என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். டேங்க் ஆறடிக்கு மூன்றடி, தண்ணீர் நிற்கும் ஆழம் நாலடி என்று வைத்தால் 72 கன அடி, அதாவது சுமார் 2,000 லிட்டர். வீட்டில் நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை, தடவைக்கு எட்டு லிட்டர் என்று வைத்தால் 160 லிட்டர். 2,000-ஐ 160-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை நாள். லாரிக்காரர் உங்கள் அடைப்பை எடுக்கவே இல்லை. காலி டேங்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது நிறையும் வரை கோப்பையில் தண்ணீர் ஜோராக இறங்கியது; நிறைந்த அன்றே நின்றுவிட்டது.

ஹாலுக்கு அடியில் இருக்கும் பைப் கெட்டிருந்தால் இந்தப் பன்னிரண்டு நாள் சுகம் கிடைத்திருக்காது. ஏனென்றால் அந்த பைப் டேங்குக்கு முன்னால் இருக்கிறது. டேங்க் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆகவே தொல்லை டேங்குக்கு அப்பால். அதே சமயம் குளியலறைத் தண்ணீர் கேட் சேம்பரில் தாராளமாக விழுந்து போகிறது என்றால் கேட் சேம்பரும் தெருவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. மிச்சம் இருப்பது டேங்கின் வெளிவாயும், பக்கச் சந்தில் போகும் அந்த லைனும்தான்.

இதை உறுதி செய்ய ஒரு காலை நேரம் போதும். எல்லாரும் குளித்து முடிக்கும் ஏழு எட்டு மணிக்குக் கேட் ஓரச் சேம்பர் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறங்கள். அடியில் அரைவட்ட வாய்க்கால் மாதிரி கட்டியிருக்கும். அதில் தண்ணீர் ஓடினால் சரி. சுவர் பாதி வரை நின்றால் தெரு லைன் நிரம்பியிருக்கிறது என்று பொருள், அது குடிநீர் வாரியத்தின் வேலை. அப்புறம் டாய்லெட்டில் இரண்டு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து ஊற்றிவிட்டு, டேங்கை ஒட்டி வெளிப்புறம் இருக்கும் சேம்பரைப் பாருங்கள். டேங்கில் ஏற்கெனவே இருப்பதுதான் முதலில் வெளியே வரும், நீலம் உடனே தெரியாது. ஆனால் மட்டம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். மட்டம் ஏறி அப்படியே நின்றால் அடைப்பு அந்தச் சேம்பருக்கும் கேட்டுக்கும் நடுவில். ஏறவே இல்லை, சேம்பர் காய்ந்து கிடக்கிறது என்றால் டேங்கின் வெளிவாயில் இருக்கும் T வடிவக் குழாயிலேயே, அதாவது டீ-யிலேயே, அடைத்திருக்கிறது. நீலத்தை ஹாலுக்கு அடியில் போகும் லைனுக்கும் பயன்படுத்தலாம். டேங்குக்கு முன்னால் சேம்பர் இருந்தால் அங்கே ஒருவரை நிற்கவைத்து, ஊற்றியதிலிருந்து எத்தனை நொடியில் நீலம் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். லாரி வந்துபோன மறுநாள் இதைச் செய்தால் ஹால் பைப் நல்லதா கெட்டதா என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

டேங்கின் மூடியை மட்டும் நீங்களாகத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். லாரிக்காரர் வரும் நாளில் அவர்கள் திறக்கட்டும், பத்து இருபது நிமிடம் காற்றாடட்டும், எட்டி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். மீத்தேனும் இருக்கும், அதனால் பீடி, தீக்குச்சி கிட்டே வரக்கூடாது.

சரி, இப்போது உங்கள் வீட்டின் பூர்வீகத்துக்கு வருகிறேன். அது தெரியாமல் கேமராவில் தெரிவதைப் புரிந்துகொள்ள முடியாது.

1993-இல் உங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை கிடையாது. உங்கள் பகுதி சேர்ந்திருந்த ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1990-களின் பிற்பகுதியில் வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடமே முன்பணம் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்ட திட்டம் அது. 2000-களின் தொடக்கத்தில் இணைப்புக் கொடுத்தார்கள். 2011-இல்தான் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆக, உங்கள் வீட்டுக் கழிவுநீர் லைனுக்கு இரண்டு ஜன்மம். முதல் ஜன்மத்தில் எல்லா வாட்டமும், அதாவது குழாயின் சரிவும், பின்பக்கம் பார்த்து இருந்தது: டாய்லெட், ஹாலுக்கு அடியில் பைப், பின்னால் டேங்க், அதற்கப்புறம் தண்ணீரை மண்ணுக்குள் விடும், உறை இறக்கிய குழி. இரண்டாம் ஜன்மத்தில் தெருவில் இணைப்பு வந்ததும் பின்னால் போன தண்ணீரை முன்னால் திருப்ப வேண்டியிருந்தது. டேங்கை ஒதுக்கிவிட்டு நேராக டாய்லெட்டிலிருந்து புது லைன் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதைச் செய்யவில்லை. டேங்கின் வெளிவாயில் ஒரு பைப்பைச் சொருகி, பக்கச் சந்து வழியாக ஐம்பது அறுபது அடி இழுத்து கேட் ஓரத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

அந்த அறுபது அடிக்கு எவ்வளவு வாட்டம் வேண்டும்? நாலு அங்குல பைப்புக்குக் கொத்தனார் கணக்கு அடிக்குக் கால் அங்குலம். அறுபது அடிக்குப் பதினைந்து அங்குலம் இறங்க வேண்டும். டேங்கின் வெளிவாய் ஏற்கெனவே தரைக்குக் கீழே ஒன்றேகால் அடியில் இருந்தால் கேட் பக்கம் இரண்டரை அடி ஆழத்தில் போய் விழ வேண்டும். கேட் சேம்பர் அந்த ஆழத்துக்குக் கட்டப்படவில்லை என்றால், வந்த ஆள் என்ன செய்வார்? வாட்டத்தைக் குறைப்பார். அறுபது அடிக்கு நாலு அங்குலம் கொடுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுவார். தண்ணீர் மட்டும் போகும் வரை இது ஓடும். டேங்க் நிறைந்து கெட்டியும் சேர்ந்து வெளியே தப்பிக்க ஆரம்பித்தால் அது சமமாகக் கிடக்கும் பைப்பில் படியும். இருபது வருடம் படிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் இதுதான் நடந்திருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். அதைப் பார்க்கத்தான் கேமரா.

சாதனம் ரொம்ப எளிமையானது. ஒரு பெரிய சக்கரத்தில் சுற்றிய கண்ணாடியிழைக் கம்பி, சுண்டுவிரல் கனம், 30 மீட்டரிலிருந்து 60 மீட்டர் வரை நீளம். தள்ளினால் மடங்காத விறைப்பு, வளைத்தால் ஒடியாத நெளிவு. அதன் நுனியில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் முனையில் கட்டைவிரல் பருமனில் கேமராத் தலை, லென்ஸைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகள். சக்கரத்தோடு சேர்ந்த திரையில் படம், ஓரத்தில் எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்ற எண். நல்ல சாதனத்தில் தலை எப்படி உருண்டாலும் படம் நிமிர்ந்தே நிற்கும். இது சின்ன விஷயம் இல்லை. படம் சுழன்றால் விரிசல் குழாயின் மேலே இருக்கிறதா அடியிலா என்று சொல்ல முடியாது. மேலே என்றால் காத்திருக்கலாம், அடியில் என்றால் கழிவுநீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

கேமராத் தலைக்குள்ளேயோ பின்னாலேயோ ஒரு சின்ன சிக்னல் கருவியும் இருக்கும். 512 ஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்புவதுதான் பரவலாக இருக்கிறது. தரைக்கு மேலே இன்னொருவர் கையில் ஒரு கோல் போன்ற கருவியை வைத்து நடந்தால், கேமரா எந்த இடத்துக்கு அடியில், எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று காட்டும். அங்கே சாக்பீஸால் ஒரு குறி. என் கணக்கில் கேமராவுக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்தக் குறிக்குத்தான். படம் பார்த்து 'ஐயையோ' சொல்வதால் பலனில்லை. எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டும். சிக்னல் கருவி இல்லாமல் வருகிறவரை நான் கூப்பிட மாட்டேன்.

ஆன்லைனில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மொபைலில் மாட்டும் குட்டிக் கேமரா கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். அதன் வயர் நூல் மாதிரி. தள்ளினால் உள்ளே சுருண்டு நின்றுவிடும். முகத்துக்கு முன்னால் சில அங்குலம்தான் தெளிவாகத் தெரியும். வாஷ்பேசினுக்கு அடியில் விழுந்த மோதிரத்தைத் தேட வாங்கலாம்.

கேமரா எங்கே நுழைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாய்லெட் கோப்பை வழியாக இல்லை. கோப்பைக்கு அடியில் தண்ணீர் நிற்கும் வளைவை அதனால் தாண்ட முடியாது. சேம்பரிலிருந்து உள்ளே விடுவோம், அல்லது மாடியிலிருந்து இறங்கும் பைப்பின் அடியில் கதவு வைத்த வளைவு (பெண்டு) இருந்தால் அதைக் கழற்றி விடுவோம். நாலு அங்குல பைப்பில் ஒரு வளைவு தாண்டும், இரண்டாவது வளைவில் திணறும், மூன்றாவதில் நின்றுவிடும். சில வீடுகளில் கேட் ஓரக் கடைசிச் சேம்பரில் நாற்றம் உள்ளே வராமல் இருக்கத் தண்ணீர் நிற்கும் வளைவான ஒரு ட்ராப் வைத்திருப்பார்கள், அதையும் தாண்டாது.

இன்னொன்று, அடைத்துக்கொண்ட பைப்பில் கேமரா விடுவது வீண். சாக்கடைத் தண்ணீருக்குள் லென்ஸ் முங்கினால் திரையில் காப்பி டிகாக்ஷன் நிறம்தான் தெரியும். முதலில் அடைப்பை எடுத்து, ஜெட் அடித்து, அதாவது அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, அரை மணி நேரம் வடியவிட்டு, அப்புறம்தான் கேமரா. அடைப்போடு இருக்கும் பைப்பில் விட்டு, 'பாருங்க சார், முழுசா அடைச்சிருக்கு' என்று வீடியோ காட்டுகிறவர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் காட்டுகிறார்.

இனி உள்ளே என்ன தெரியும் என்று பார்ப்போம்.

1993 வீடு என்றால் ஹாலுக்கு அடியில் ஸ்டோன்வேர் குழாய் இருக்க வாய்ப்பு அதிகம். மண்ணைச் சுட்டு, மேலே உப்புப் பூச்சுக் கொடுத்து, பழுப்பாகப் பளபளவென்று இருக்கும். ஊறுகாய் ஜாடியின் நிறம். இரண்டடித் துண்டுகளாக வரும். அதனால் கேமரா போகப்போக இரண்டடிக்கு ஒரு வளையம் தெரியும். ரயில் தண்டவாளச் சத்தம் மாதிரி ஒரு தாளத்தில் வந்துகொண்டே இருக்கும். குழாய் நூறு வருடம் கூடத் தாங்கும். தாங்காதது அந்த இணைப்பு. சணலும் சிமெண்டும் வைத்து அடைத்த இடம், மண் கொஞ்சம் அமுங்கினாலும் பிளந்துவிடும். அங்கேதான் வேர் வரும். முதலில் மேற்பக்கம் இரண்டு மூன்று முடி தொங்குகிற மாதிரி இருக்கும். அடுத்த இணைப்பில் தாடி. அதற்கடுத்ததில் நரிவால் மாதிரி ஒரு கொத்து, ஓடும் திசையில் நீண்டு, பேப்பரும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் சிக்கிக் கிடக்கும். பக்கத்து வீட்டு வேப்பமரத்துக்கு உங்கள் வீட்டுக் குழாயில் பங்கு உண்டு; காம்பவுண்டுச் சுவர் அதற்குக் கணக்கே இல்லை. வெட்டினால் சில மாதம் சும்மா இருக்கும், அப்புறம் திரும்ப வரும். இணைப்பை மூடாதவரை அது போகாது.

பக்கச் சந்து லைன் 2000-களில் போட்டது என்றால் பி.வி.சி.யாக இருக்கும். அதில் பார்க்க வேண்டியது வேறு. வீட்டு லைனுக்கு ஏ டைப், பி டைப் என்று இரண்டு ரகம் கடையில் உண்டு. ஏ டைப் மெல்லிசு. மழைத்தண்ணீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது. கழிவுக்கு பி டைப். மண்ணுக்கு அடியில் போட அதைவிடக் கனமான தனி ரகமே இருக்கிறது. காசு மிச்சம் பிடிக்க ஏ டைப்பைப் புதைத்து, மேலே வண்டி ஏற்றினால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். கேமராவில் பார்த்த உடனே தெரியும்: படத்தில் குழாய் படுத்துக்கொண்டிருக்கும். சமையலறை லைனில் இன்னொரு வேடிக்கை. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடித்து சிங்கில் ஊற்றும் வீடுகளில் முதல் நாலைந்து அடி தொய்ந்திருக்கும். பி.வி.சி. 80 டிகிரி அளவிலேயே இளக ஆரம்பித்துவிடும்.

பழைய குழாயும் புதுக் குழாயும் சேரும் இடத்தைக் கேமராக்காரரிடம் நிறுத்தி, பொறுமையாகக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டோன்வேரின் சுவர் தடிமனானது. அதன் முனை பி.வி.சி. வாய்க்குள் நுழையாது. அதனால் இரண்டையும் முட்டவைத்துச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருப்பார்கள். வழவழப்பான பி.வி.சி.யில் சிமெண்ட் பிடிக்காது. கொஞ்ச நாளில் கழன்று, இரண்டு வட்டமும் ஒன்றுக்கொன்று விலகி, படத்தில் பிறை நிலா மாதிரி ஒரு விளிம்பு தெரியும். அரை அங்குலப் படிதான். நாப்கினோ ஈரத்துடைப்பானோ அங்கே ஒருமுறை மாட்டினால் போதும், மிச்சம் எல்லாம் தானாக வந்து சேரும்.

உங்கள் லைனில் நான் அதிகமாக எதிர்பார்ப்பது தொய்வு. கேமரா காய்ந்த குழாயில் போய்க்கொண்டிருக்கும். அடியில் தண்ணீர்க் கோடு மெல்ல உயரும். கால் வட்டம், அரை வட்டம், பிறகு லென்ஸே முங்கிப் படம் மங்கிவிடும். இன்னும் மூன்று நாலு அடி தள்ளினால் மீனைத் தூக்கியது போல மேலே வரும், திரும்பவும் காய்ந்த குழாய். நடுவில் இருந்த அந்தக் குட்டைதான் தொய்வு. மீட்டரைப் பார்த்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிக்கொள்ளலாம். ஓரடி நீளத்துக்கு ஒரு விரல்கடைத் தண்ணீர் நின்றால் விட்டுவிடுங்கள், எந்த வீட்டிலும் இருக்கும். முழுவட்டமும் முங்கி ஆறடி போனால் அதைத் தோண்டித்தான் ஆக வேண்டும். எத்தனை தடவை ஜெட் அடித்தாலும் குட்டை குட்டையாகவே இருக்கும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு வீட்டில் காலை எட்டு மணிக்குக் கேமரா விட்டேன். கடைசி இருபதடியும் அரை வட்டத் தண்ணீர். வாட்டமே இல்லை, முழுவதும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தோண்டினார்கள். கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்: வாட்டம் கன கச்சிதமாக இருந்தது. தெருவில் பம்ப் ஓடாமல் மெயின் லைன் நிரம்பி வீட்டுக்குள் எதிர்த்து நின்றிருக்கிறது, பதினோரு மணிக்குத் தானாக வடிந்துவிட்டது. தோண்டிய கூலி என் பையிலிருந்து போனது. அன்றிலிருந்து கடைசிச் சேம்பரைத் திறந்து பார்க்காமல் கேமராவை நான் சக்கரத்திலிருந்து இறக்குவதில்லை. தொய்வா எதிர்த்து நிற்பதா என்று சந்தேகம் வந்தால் மேலிருந்து ஒரு வாளி தெளிந்த தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தொய்வில் மட்டம் ஏறி, பிறகு பழைய அளவுக்கே வந்து நிற்கும். எதிர்த்து நிற்கும் லைனில் ஏறியது இறங்காது.

பழைய வீடுகளில் குழாய்க்குள் கிடப்பதைப் பற்றித் தனியாக எழுதலாம். தரை போட்டபோது கழுவிவிட்ட சிமெண்ட் அடியில் கல்லாக உறைந்திருக்கும். அடைப்பு எடுக்க விட்ட மூங்கில் பிளாச்சு உள்ளேயே ஒடிந்து கிடக்கும். ஒரு வீட்டில் பக்கத்து மனையில் போர்வெல் போட்டவர்களின் குழாய் நேராக அந்த வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது.

கேமராவுக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. குழாய்க்கு வெளியே மண் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று அது சொல்லாது. இணைப்பு கசிகிறதா என்பதையும் உறுதியாகச் சொல்லாது. மழைக்காலத்தில் வெளியிலிருந்து நிலத்தடி நீர் உள்ளே ஊறினால் மட்டும் கண்ணுக்குத் தெரியும். கசிவைச் சோதிக்கக் குழாயின் கீழ்முனையைக் காற்றுப்பை வைத்து அடைத்து, மேலே வரை தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம், லென்ஸ் எல்லாவற்றையும் பெரிதாக்கும். திரை நிறையத் தெரிவது மொத்தமே நாலு அங்குல வட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. மயிரிழை விரிசலை மலைப்பிளவு மாதிரி காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. நானும் படம் பார்ப்பது, பைப் மாற்றுவது இரண்டையும் செய்கிறவன்தான். ஆனாலும் சொல்கிறேன், படம் பார்த்தவரிடமே அன்றைக்கே மாற்றும் வேலையையும் ஒப்படைக்காதீர்கள். வீடியோவை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள். வீடியோ முதல் மீட்டரிலிருந்து கடைசி வரை வெட்டாமல், எண் தெரியும்படி இருக்க வேண்டும். கூலி மீட்டர் கணக்கா, ஒரு வருகைக்கா, அதில் ஜெட் அடிப்பதும் சேர்ந்ததா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஓடும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

டேங்குக்குள் கேமரா போகுமா என்று கேட்டிருந்தீர்கள். நிறைந்த டேங்கில் விட்டுப் பயனில்லை. லாரி வந்து எடுத்தபின் மேலிருந்து தொங்கவிட்டு உள்வாய் டீ, வெளிவாய் டீ, நடுச்சுவர், பக்கச் சுவரின் விரிசல் எல்லாம் பார்க்கலாம். ஆனால் எடுப்பதற்கு முன்னும் எடுக்கும்போதும் வெறும் கண்ணால் தெரிவது அதைவிட அதிகம். எடுப்பதற்கு முன் தண்ணீர் மட்டம் வெளிவாயின் அடி விளிம்பில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் டேங்க் ஒழுகுகிறது. மேலே ஏறி நின்றால் வெளியே போகும் வழி அடைத்திருக்கிறது. உங்கள் டேங்கில் இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். லாரி உறிஞ்சும்போது வெளிவாயிலிருந்து தண்ணீர் திரும்ப உள்ளே கொட்டுகிறதா என்று கவனியுங்கள். கொட்டினால் சந்து லைன் நிறைந்து நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னும் உறைக்குழியை நம்பி இருக்கும் வீடுகளிலும் இதே அடையாளம்தான்: குழி நிரம்பிவிட்டது, மண் இனிக் குடிக்காது. ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறும்போது நல்ல குழியும் அப்படித்தான் காட்டும், அதனால் மழைக்காலத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

ஆனால் எந்த நிலையிலும் ஓர் ஆளை உள்ளே இறக்காதீர்கள். 'அடியில் கொஞ்சம் கெட்டி இருக்கு சார், இறங்கி வாரிடறோம்' என்று அவர்களே கேட்பார்கள், காசும் கொஞ்சம்தான் கேட்பார்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், வேலை கொடுத்தவர் என்ற முறையில் நீங்களும் மாட்டுவீர்கள். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. பணத்தை விடுங்கள், அடியில் கிடக்கும் அரை அடிச் சேற்றுக்கு ஓர் உயிரா? தண்ணீர் அடித்துக் கலக்கி, லாரிக் குழாயிலேயே திரும்ப உறிஞ்சச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம்? சந்து லைன்தான் குற்றவாளி என்று படம் சொன்னால், அது மண்ணும் சிமெண்ட் தளமும் உள்ள இடம். மொசைக் எதுவும் போகாது. நாலு அங்குலத்தை நாலு அங்குலமாகவே மாற்றாமல், வாட்டம் போதாத இடத்தில் ஆறு அங்குலம் போடுங்கள். ஆறு அங்குலத்துக்கு நூறடிக்கு ஓரடி இறக்கம் போதும். உங்கள் அறுபது அடிக்கு ஏழெட்டு அங்குலத்தில் வேலை முடியும். அதே சமயம் டேங்கையும் ஒதுக்கிவிடுங்கள்: டாய்லெட் லைனை டேங்குக்கு முன்னாலிருந்தே புது லைனோடு சேர்த்துவிட்டு, டேங்கைக் காலி செய்து மணல் நிரப்பி மூடுங்கள். தெருவில் இணைப்பு இருக்கும் வீட்டில் அது எதற்கு? வருடாவருடம் லாரிக்குக் கொடுக்கும் காசும் மிச்சம்.

ஒருவேளை ஹாலுக்கு அடியிலும் வேரோ உடைசலோ தெரிந்தால்கூட உடைப்பது கடைசி வழிதான். முப்பது வருட மொசைக்குக்கு நிறம் சேர்த்து ஒட்டுப்போட இன்று கொத்தனார் கிடைக்க மாட்டார். குழாய்க்குள்ளேயே பிசின் ஊறிய துணிக்குழாயை விட்டு, காற்றால் ஊதி, கெட்டியாக்கி உள்பூச்சுப் போடும் முறை ஒன்று இருக்கிறது. லண்டனில் 1971-இல் தொடங்கியது, இப்போது பெரிய சாக்கடைகளுக்கு உலகமெங்கும் செய்கிறார்கள். தனி வீட்டு இருபதடிக்கு அது கட்டுப்படியாகுமா என்பது சந்தேகம். அதைவிட, டாய்லெட்டின் வெளிச்சுவர் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கோப்பையை மாற்றிச் சுவர் வழியாக வெளியே எடுத்து, வெளியிலேயே லைனைக் கொண்டுபோய்விட்டால் ஹாலுக்கு அடியில் இருப்பது எப்படியோ கிடந்துவிட்டுப் போகட்டும்.

கேமராக்காரர் வருவதற்கு முன்னால் நீங்கள் செய்து வைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டேங்க் ஓரச் சேம்பரிலிருந்து கேட் சேம்பர் வரை காம்பவுண்டுச் சுவரில் அடி அடியாகச் சாக்பீஸால் கோடு போட்டு எண் எழுதிவிடுங்கள். கேமராக்காரர் 11.4 மீட்டர் என்பார், கொத்தனார் எத்தனையாவது அடி என்று கேட்பார். 37 அடி 5 அங்குலம். அதை எங்கிருந்து எண்ணுவது, சேம்பர் மூடியின் ஓரத்திலிருந்தா, குழாயின் வாயிலிருந்தா என்று கேபிள் உள்ளே போகும் முன்னாலேயே கேட்டு, பூஜ்ஜியம் என்று அந்த இடத்தில் குறித்துவிடுங்கள். இரண்டடி தள்ளித் தோண்டி, ஒன்றும் இல்லாத நல்ல குழாயைக் கடப்பாரையால் குத்தி உடைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.